கிப்லாவின் இடப்புறத்தில் தோன்றிய விண்மீன்

இரவு வானில் கண்ட காட்சிகளைப் பற்றி நம்மிடம் வினவுவோர் தொகை அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. மஃரிபுக்குப் பின் மொட்டை மாடியில் நின்றபோது, கோத்த முத்துகளைப் போல் ஒரே வரிசையில் நகர்ந்த ஒளிப்புள்ளிகளைக் கண்டதாகச் சிலர் சொல்கின்றனர். அசையாது நின்ற ஒளி ஒன்று சட்டென மறைந்ததாக வேறு சிலர் கூறுகின்றனர். முன்னதற்கு விடை எளிது. 2019 மே மாதம் முதல் கூட்டங்கூட்டமாக ஏவப்பட்டுவரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களே அவை. பின்னதற்கு அத்தகைய விடை எப்போதும் கிடைத்துவிடுவதில்லை. 2021 ஜூனில் அமெரிக்க அரசின் உளவுத்துறைத் தலைமை அலுவலகம், வானில் இனங்காணப்படாத பொருள்கள் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஆராயப்பட்ட 144 நிகழ்வுகளுள் ஒன்றே ஒன்றுதான் இன்னதென்று உறுதியாகச் சொல்லப்பட்டது. அது காற்றிறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன்! ஏனையவற்றைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாமைக்கு அவ்வறிக்கை கூறிய முதற்காரணம், போதிய தகவல் இல்லை என்பதே.

இக்காரணம் சிந்தனைக்குரியது. கண்டவர்கள் குறைவில்லை, கண்டதைப் பிறர் பயன்கொள்ளும் வகையில் எழுதிவைத்தவர்களே குறைவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், எதுவென்று எவருக்கும் தெரியாத ஒரு பொருள் இரவு வானில் தோன்றியபோது நம் முன்னோர் அதை எவ்வாறு எதிர்கொண்டனர், எவற்றை எழுதினர், எங்கே வழுவினர் என்பதை இக்கட்டுரையில் காண முற்படுவோம்.

ஹிஜ்ரி 396ஆம் ஆண்டு. எகிப்தில் ஃபாத்திமிய கலீஃபா அல்ஹாகிமும் பக்தாதில் அப்பாஸிய கலீஃபா அல்காதிரும் ஆட்சி செய்துகொண்டிருந்தனர். அவ்வாண்டு ஷஅபான் மாதத்தின் தொடக்கத்தில், கி.பி. 1006 மே மாத முதல் நாள்களில், வெள்ளிக்கோளை ஒத்த பெரிய விண்மீன் ஒன்று தோன்றியதென்று இப்னுல் ஜவ்ஸியும், அவருக்குப் பின்வந்த இப்னுல் அஸீரும் தத்தம் வரலாற்று நூல்களில் குறித்துள்ளனர். அது நின்ற திசையை ‘இராக்கின் கிப்லாவுக்கு இடப்புறம்’ என்று அவர்கள் அடையாளப்படுத்துகின்றனர். மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு இச்சொல் முதலில் மயக்கம் தரலாம். பக்தாதிலிருந்து மக்கா ஏறத்தாழத் தெற்கே, சற்றே மேற்குச் சாய்வாக உள்ளது. எனவே அங்கே கிப்லாவின் இடப்புறம் என்பது தெற்கும் தென்கிழக்குமாகும். இந்நூலாசிரியர்களின் குறிப்பின்படி, அவ்விண்மீனின் கதிர்கள் நிலவொளியைப் போல் தரையில் விழுந்தன. துல்கஅதா நடுப்பகுதிவரை அது நிலைத்திருந்து பின் மறைந்தது.

ஒவ்வொரு நாளும் ஐவேளை நோக்கும் திசையையே அளவுகோலாகக் கொண்டு வானத்துப் பொருளுக்கு இடம் குறித்த இந்த எளிய முறையை எண்ணி நாம் வியக்கிறோம். கருவி ஏதுமில்லாத ஒருவர் தரக்கூடிய மிகச் சரியான குறிப்பு அது. ஆயினும் இப்னுல் ஜவ்ஸி, இப்னுல் அஸீர் இருவரும் நிகழ்ச்சிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் அதிகமான காலத்துக்குப் பின் பிறந்தவர்கள்; பழைய ஏடுகளிலிருந்தே எடுத்தெழுதினர். தம் கண்ணால் கண்டு எழுதிய ஒருவர் கெய்ரோவில் இருந்தார்.

அலீ இப்னு ரிழ்வான் கெய்ரோவுக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள கீஸாவில், அடுப்படியில் உழைத்த ஒரு ரொட்டிக்காரரின் மகனாகப் பிறந்தவர். ஆசிரியரிடம் பணம் கட்டிப் பயில வழியில்லை. நூல்களைத் தாமே படித்துக் கற்றார். தெருவோரத்தில் அமர்ந்து சோதிடம் சொல்லி வயிறு வளர்த்தார். பின்னாளில் ஃபாத்திமிய ஆட்சியில் மருத்துவர்களின் தலைவராக உயர்ந்து, எகிப்தின் காற்றும் நீரும் உடல் நலத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பது பற்றி இன்றளவும் பேசப்படும் நூலொன்றை எழுதினார். விண்மீன் தோன்றியபோது அவர் இன்னும் கல்வியின் தொடக்கத்தில் நின்ற இளைஞர். இதை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. தாலமியின் சோதிட நூலுக்குப் பிற்காலத்தில் எழுதிய விரிவுரையில், கல்விப் பருவத்தின் ஆரம்பத்தில் தாம் கண்ட காட்சி என்று அவரே கூறிவிட்டுத்தான் அதை விவரிக்கத் தொடங்குகிறார்.

விவரிக்கும் முறைதான் நம் கவனத்துக்குரியது. பொருளின் வடிவம் உருண்டை. அளவு வெள்ளியைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. அதன் ஒளியால் அடிவானம் விளங்கிற்று. வெளிச்சம் நிலவொளியில் கால் பங்குக்குச் சற்று அதிகம். அது நின்ற இடம் விருச்சிக ராசியின் 15ஆம் பாகை. அப்போது சூரியன் அதற்கு நேரெதிரே ரிஷபத்தின் 15ஆம் பாகையில் இருந்தது. தொடர்ந்து சந்திரனும் ஏனைய கோள்களும் அந்நேரத்தில் நின்ற இடங்களையும் பாகை கணக்கில் அடுக்குகிறார். சூரியன் கன்னி ராசியை அடைந்தபோது அப்பொருள் மறைந்தது என்று முடிக்கிறார்.

ஆண்டு, மாதம், தேதி என எதையும் அவர் எழுதவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் கோள்களின் நிலைகளை எழுதியதால் தேதி தானாகவே அதனுள் அடங்கிவிட்டது. அந்த நிலைகள் அனைத்தும் ஒருங்கே பொருந்தும் நாளைப் பின்னோக்கிக் கணித்தால் 1006 ஏப்ரல் 30 என்று விடை வருகிறது. பிரதி எடுப்பவர் தேதியைத் தவறாக எழுதக்கூடும். ஏழு கோள்களும் சேர்ந்து தவறுவது அரிது. விண்மீன் சூரியனுக்கு எதிரே நின்றதால், அந்தி சாய்ந்து வெகுநேரம் ஆகுமுன் எழுந்து இரவு முழுவதும் காட்சியளித்திருக்கும் என்பதும் இக்குறிப்பிலிருந்தே விளங்குகிறது.

அதற்கு அவர் இட்ட பெயரும் ஒரு செய்தியே. ‘அஸர்’ என்று ஓரிடத்தில் சொல்கிறார். தடயம், விளைவு, தோற்றம் என்றெல்லாம் பொருள்படும் சொல் அது. ‘நைஸக்’ என்றும் சொல்கிறார்; சிறு ஈட்டி என்பது அதன் பொருள். இன்றைய அரபியில் விண்கல்லுக்கு இச்சொல் வழங்குகிறது. ‘கவ்கப்’, ‘நஜ்ம்’ எனப்படும் விண்மீனாக அவர் அதை அழைக்கத் தயங்கியதற்குக் காரணம் உண்டு. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கோட்பாடு அக்காலக் கல்வியுலகம் முழுவதிலும் வேரூன்றியிருந்தது. நிலவுக்கு மேலுள்ள உலகில் எதுவும் பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை, மாறுவதுமில்லை என்பது அதன் சாரம். புதிதாக ஏதேனும் தோன்றினால் அது நிலவுக்குக் கீழே, பூமியிலிருந்து எழுந்த ஆவி தீப்பற்றி எரிவதாகவே இருத்தல் வேண்டும். இக்கோட்பாட்டின்படி புதிய விண்மீன் ஒன்று இருக்கவே முடியாது. இப்னு ரிழ்வான் கோட்பாட்டை மறுக்கவில்லை. ஆனால் தாம் கண்டது அதற்கு ஒத்துவரவில்லை என்பதற்காக அதை எழுதாமலும் விடவில்லை.

அதே காலத்தில் மத்திய ஆசியாவில் இருந்த இப்னு ஸீனாவும் இதைக் கண்டிருக்கிறார் என்பது அண்மையில்தான் உறுதியாக எடுத்துக்காட்டப்பட்டது. அவருடைய ‘கிதாபுஷ் ஷிஃபா’ என்னும் பெருநூலின் வானிலைப் பகுதியில், விண்மீன்களுக்கிடையே ஒரு விண்மீனாக ஏறத்தாழ மூன்று மாதம் நின்று, மெல்ல மெல்ல ஒளி குன்றி மறைந்த ஒன்று பேசப்படுகிறது. தொடக்கத்தில் அது கருமையும் பசுமையும் கலந்த நிறமாயிருந்தது, பொறிகளைச் சிதறிற்று, பின் வெண்மையாயிற்று என்னும் விவரம் வேறெவரும் தராதது. ஆண்டை மட்டும் ஹிஜ்ரி 397 என்கிறார். அவ்வாண்டு பிறந்தது 1006 செப்டம்பர் இறுதியில். அதற்குள் விண்மீன் சூரியனின் ஒளியில் மறைந்துவிட்டிருந்தது. நினைவிலிருந்து எழுதும்போது ஓராண்டு தவறியிருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சோதிடத்தை மறுத்துத் தனிநூலே எழுதிய இப்னு ஸீனா, இக்காட்சியை எந்த அரசனின் வாழ்வோடும் சாவோடும் முடிச்சிடவில்லை. ஆனால் அரிஸ்டாட்டிலின் பிடியிலிருந்து அவரும் விடுபடவில்லை. காற்றுமண்டலத்து எரிபொருள்களோடு சேர்த்தே அதைப் பேசினார்.

யமன் நாட்டிலிருந்து கிடைத்துள்ள சான்று இவை யாவற்றுக்கும் முந்தைய நாளைச் சுட்டுகிறது. 2015இல் வெளியான ஆய்வொன்று, அங்கே எழுதப்பட்ட இரு வரலாற்று நூல்களின் குறிப்புகளை வெளிக்கொணர்ந்தது. ரஜப் மாதம் நடுப்பகுதியின் இரவில், அதாவது ஏப்ரல் 17 அளவில், சூரியன் மறைந்து அரைமணி நேரத்தில் கிழக்கே அது எழுந்தது என்கின்றன அக்குறிப்புகள். வெள்ளியின் நான்கு மடங்கு என்றும், முழு வட்டமாக இல்லாமல் சற்று நீண்டிருந்தது என்றும், ஓரங்களில் விரல்களைப் போன்ற கோடுகள் தெரிந்தன என்றும், கலங்கும் நீரில் பட்ட கதிரவனைப் போல் அது தளும்பிற்று என்றும் அவை வருணிக்கின்றன. அடிவானத்துக் காற்றின் அடர்த்தியில் பெருவிண்மீன் ஒன்று மினுங்குவதை இதைவிடத் துல்லியமாகச் சொல்வது கடினம். எழுதியவருக்குக் காரணம் தெரியாது; கண்டதை விட்டுவிடாமல் எழுதினார்.

சீனத்தில் நிலைமை வேறு. அங்கே வானத்தை நாள்தோறும் கவனித்து எழுதுவது அரசாங்கத்தின் கடமை. ஆதலால் அவர்களுடைய பதிவுகள் நம்முடையவற்றைவிட நீண்டவை. விண்மீன் மறைந்து, அவ்வாண்டின் பதினோராம் மாதத்தில் மீண்டும் தோன்றியதுகூட அங்கே பதிவாகியிருக்கிறது. ஆனால் அதன் பொருள் என்ன என்பதில் அரசவை கலங்கிற்று. மக்கள் அஞ்சினர். அப்போது தெற்கே பயணம் சென்று திரும்பிய சோ கேமிங் என்னும் அவைச் சோதிடர், மஞ்சள் நிறத்து இவ்விண்மீன் நாட்டுக்கு நன்மை தரும் வகையைச் சேர்ந்தது என்று எடுத்துரைத்தார். மன்னர் மகிழ்ந்தார், சோதிடர் பதவி உயர்வு பெற்றார்.

இதே விண்மீன் கெய்ரோவில் தீமையின் அறிகுறியாயிற்று. கண்டதை அத்துணை நுட்பமாக எழுதிய இப்னு ரிழ்வான், அடுத்த வரிகளிலேயே சோதிடராக மாறிவிடுகிறார். விருச்சிகம் இஸ்லாமிய சமூகத்துக்கு ஆகாத ராசி என்றும், எனவே முஸ்லிம்களிடையே கொடும் போர்கள் மூண்டன, நாடுகள் அழிந்தன, மழை பொய்த்தது, விலைவாசி ஏறிற்று, வாளாலும் பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் எண்ணற்றோர் மாண்டனர் என்றும் பட்டியலிடுகிறார். போரும் பஞ்சமும் உண்மையே. ஆனால் விண்மீன் தோன்றாத பத்தாண்டுகளில் அவை இல்லாமலா இருந்தன?

இவ்விடத்தில் நமக்கு எழும் வருத்தத்தை மறைக்க வேண்டியதில்லை. ஏனெனில் இத்தகைய முடிச்சுப் போடுதலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வெளிப்படையாக மறுத்திருந்தார்கள். அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கணிதப்படி அது 632 ஜனவரி 27 என்பர். மகனார் மறைவுக்காகவே கதிரவன் இருண்டதென்று மதீனாவில் பேச்சு எழுந்தது. தந்தையின் துயரத்துக்கு ஆறுதலாக அமைந்திருக்கக்கூடிய பேச்சு அது. மௌனமாக இருந்திருந்தாலே போதும், அது நிலைபெற்றிருக்கும். ஆனால் சூரியனும் சந்திரனும் இறைவனின் சான்றுகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று பெருமானார் அறிவித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ளன. எரிவிண்மீன் ஒன்று வீழ்ந்த இரவில், அறியாமைக் காலத்தில் இதைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று தோழர்களை வினவியதும், பெரியவர் ஒருவர் பிறந்தார் அல்லது இறந்தார் என்போம் என்று அவர்கள் கூற, அதையும் மறுத்ததும் முஸ்லிமில் உள்ளது. வானத்தை நோக்கிச் சிந்திக்கத் தூண்டிய மார்க்கம், அதில் நம் சொந்தக் கதைகளை எழுதுவதைத் தடுத்தது. கற்றறிந்த இப்னு ரிழ்வானுக்கு இவை தெரியாதவை அல்ல. சோதிடம் அவருக்கு இளமையில் சோறு போட்ட தொழில். அவ்வளவு எளிதில் விட்டுவிட முடியவில்லை போலும்!

அவரைக் குறை சொல்லும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டென்பதும் ஐயமே. இரவில் வருவது என்னும் பொருள் கொண்ட ‘அத்தாரிக்’ ஸூரா, 1967இல் கண்டறியப்பட்ட துடிப்பு விண்மீன்களைத்தான் முன்னறிவிக்கிறது என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். ஒரு காலத்தில் நாமும் தலையாட்டியிருக்கிறோம். ஒன்று, விண்மீனிலிருந்து பஞ்சத்தை வாசிப்பது. மற்றொன்று, இறைவேதத்திலிருந்து இவ்வாண்டின் அறிவியல் இதழை வாசிப்பது. இரண்டிலும் அவசரம் ஒன்றே. நாளை அவ்விதழில் திருத்தம் வந்தால் வேதத்தையும் சேர்த்துத் திருத்துவார்களா என்று எவரும் கேட்பதில்லை.

இப்னு ரிழ்வானின் வாழ்வில் இன்னொரு விண்மீனும் மறைமுகமாகக் குறுக்கிடுகிறது. பக்தாதிலிருந்து 1049 அளவில் கெய்ரோ வந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லானுக்கும் அவருக்கும் இடையே மூண்ட வாதம் அரபு மருத்துவ வரலாற்றில் பெயர்பெற்றது. கோழிக்குஞ்சுக்கும் பிற பறவைக் குஞ்சுக்கும் உடற்சூட்டில் எது மிகுதி என்ற கேள்வியில் தொடங்கிய அந்தச் சண்டை, ஆசிரியரிடம் கற்பது மேலா நூலில் கற்பது மேலா என்பதுவரை வளர்ந்தது. நூலில் கற்றவரின் அறிவைப் பற்றி விருந்தாளி எள்ளிநகையாடினார். அவருடைய முகத்தோற்றத்தையும் விட்டுவைக்காமல் ‘ஜின்களின் முதலை’ என்று பெயர் சூட்டினார். மனம் கசந்து எகிப்தைவிட்டு வெளியேறிய இப்னு புத்லான் கான்ஸ்டான்டிநோபிள் சென்றார். அங்கிருந்த நாள்களில்தான், ஹிஜ்ரி 446இல், மிதுன ராசியில் புதிய விண்மீன் ஒன்று தோன்றியதாக எழுதியிருக்கிறார். அவர் குறிப்பு 13ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆவின் நூலில் நமக்குக் கிடைக்கிறது. அவ்வாண்டு அந்நகரில் இடுகாடுகள் நிரம்பிவிட, ஒரு தேவாலயத்தில் மட்டும் 14,000 பேர் புதைக்கப்பட்டனர் என்றும், மறு ஆண்டு நைல் பெருகாமல் ஃபுஸ்தாத் மக்கள் மாண்டனர் என்றும் அவரும் அதை நோயோடு இணைத்தே பேசுகிறார். 1978இல் மூன்று ஆய்வாளர்கள் இக்குறிப்பை எடுத்துக்காட்டி, சீனர்கள் 1054 ஜூலையில் கண்ட விண்மீனே இது என்றனர். நண்டு நெபுலா என இன்று அழைக்கப்படுவது அதன் மிச்சம். நெபுலா ரிஷப விண்மீன் கூட்டத்தில் அல்லவா இருக்கிறது என்று கேட்கலாம். அரபுச் சோதிடர்கள் கொண்டது வசந்த சமநாளிலிருந்து எண்ணும் சாயன ராசி. அயன சலனத்தால் அதற்கும் விண்மீன் கூட்டத்துக்கும் இடையே விலகல் உண்டு. எல்லாவற்றிலும் மாறுபட்டு நின்ற இரு மருத்துவர்களும், தாம் கண்ட விண்மீன்மேல் கொள்ளைநோயின் பழியைச் சுமத்துவதில் மட்டும் ஒன்றுபட்டனர்!

மற்றொரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். 1006இல் கெய்ரோவில் இப்னு யூனுஸ் உயிரோடிருந்தார். அல்ஹாகிமின் பெயரால் அவர் இயற்றிய ‘அஸ்ஸீஜுல் ஹாகிமீ’ இடைக்கால வானவியலின் சிகரங்களுள் ஒன்று. ஆனால் அவருடைய அவதானங்கள் 977 தொடங்கி 1003 அளவில் நின்றுவிடுகின்றன. அரசின் ஆதரவு பெற்ற பேரறிஞரின் ஏட்டில் இடம்பெறாத காட்சி, ரொட்டிக்காரர் மகனின் ஏட்டில் இடம்பெற்றது.

அந்த ஏடு பயணித்த வழி நெடியது. ஸ்பெயினில் பத்தாம் அல்ஃபோன்ஸோவின் அவையில் மொழிபெயர்க்கப்பட்டு, லத்தீனில் ‘ஹாலி’ என்ற பெயரோடு உலவி, 1493இல் வெனிஸ் நகரில் அச்சேறிற்று. சோதிடம் கற்கவே ஐரோப்பியர் அதை வாங்கினர். 1965இல்தான் அமெரிக்க வரலாற்றறிஞர் பெர்னார்ட் கோல்ட்ஸ்டைன், அரபு மூலத்தையும் பிற நாட்டுப் பதிவுகளையும் ஒப்பிட்டு வானவியல் இதழொன்றில் கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பியப் பதிவும் அவற்றுள் உண்டு. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உள்ள சாங்க்ட் கால்லன் மடத்துத் துறவி ஒருவர், தெற்கின் கடைக்கோடியில் அது மூன்று மாதம் தெரிந்ததாக எழுதியிருந்தார். கெய்ரோவில் அடிவானத்துக்கு மேல் 22 பாகை அளவுக்கு ஏறிய விண்மீன், வடக்கே தொலைவிலுள்ள அம்மடத்தில் ஐந்து பாகைகூட ஏறியிராது. இவ்விரு குறிப்புகளும் சேர்ந்து, அது வானில் எங்கே நின்றது என்பதைக் குறுகிய பரப்புக்குள் அடக்கின. அதே 1965இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு கார்ட்னர், மில்ன் ஆகிய இருவர், அப்பரப்பில் வளையம் போன்ற ஒரு வானொலி மூலத்தை விண்மீனின் எச்சமாக இனங்கண்டனர்.

இன்று அதன் பெயர் எஸ்.என். 1006. நம்மிடமிருந்து ஏறத்தாழ 7,200 ஒளியாண்டு தொலைவில் வெண்குறுமீன் ஒன்று வெடித்துச் சிதறியதால் எழுந்த ஒளி அது. எழுத்தில் பதிவான விண்மீன்களுள் அதுவே மிகுந்த ஒளியுடையது. சிதறிய பொருள் இன்று 60 ஒளியாண்டு அகலத்துக்கு விரிந்திருக்கிறது. ஆனால் வெண்குறுமீன் தானாக வெடிப்பதில்லை. அருகிலுள்ள துணைமீன் பொருளைக் கொட்டியிருக்க வேண்டும், அல்லது இரு வெண்குறுமீன்கள் மோதி இணைந்திருக்க வேண்டும். எஞ்சிய துணைமீனைத் தேடிய ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2012இல் அப்படி எதுவும் அங்கே இல்லை என்று அறிவித்தனர். எனவே இரண்டாவது வழியே நடந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. தேடல் முடியவில்லை.

மே மாத இரவுகளில் இஷா தொழுகைக்குப் பின் நம் ஊர்களில் தெற்கே நோக்கினால், சென்டாரஸ் கூட்டத்துக்குக் கிழக்கே லூபஸ் எனப்படும் ஓநாய் விண்மீன் கூட்டம் தெரியும். அதன் பிரகாசமான விண்மீன்களுள் ஒன்றான பீட்டா லூப்பிக்கு அருகில், முழுநிலவு அளவான வட்டமாக அந்த எச்சம் பரந்திருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அவ்விடத்தில் எதுவும் புலப்படாது.